டால்பினுக்கு ஒரே ஒரு மீன் போட்டால் என்ன தப்பு? - மங்கி மியா கடற்கரை சொல்லும் கணக்கு

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து வடக்கே 800 கி.மீ.க்கும் மேல் காரில் போனால் ஷார்க் பே என்ற வளைகுடா வரும். 1991-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்த பகுதி இது. அதன் கரையில் இருக்கும் மங்கி மியா என்ற குட்டி இடத்துக்கு உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். காரணம் ஒன்றே ஒன்றுதான். காலையில் காட்டு டால்பின்கள் முழங்கால் அளவுத் தண்ணீருக்கே வந்து நிற்கும். அதிர்ஷ்டம் இருந்தால், அதற்கு ஒரு மீனை உங்கள் கையாலேயே கொடுக்கலாம்.

இன்ஸ்டாவில் ஒரு ரீல் பார்த்தாலே "டிக்கெட் போட்டுடலாமா?" என்று தோன்றும். ஆனால் அதே ஆஸ்திரேலியாவில், மங்கி மியா போன்ற அனுமதி பெற்ற ஒருசில இடங்களைத் தாண்டி வேறெங்கும் காட்டு டால்பினுக்கு நீங்களாக மீன் போட முடியாது. போட்டால் அபராதம். அமெரிக்காவில் சிறைத் தண்டனைகூட உண்டு.

ஒரு மீன் போடுவதில் அப்படி என்ன இருக்கிறது? பசியோடு வரும் ஜீவனுக்குச் சாப்பாடு போடுவது நல்ல காரியம்தானே? இந்தக் கேள்விக்கு அறிவியல் ரீதியாகப் பதில் சொல்லக்கூடிய இடமும் மங்கி மியாதான். அங்கே மீன் போடுவதும் நடந்திருக்கிறது, அதனால் என்ன ஆனது என்ற ஆய்வும் பல பத்தாண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறது.

எப்படி ஆரம்பித்தது?

1960-களில் மங்கி மியாவில் தங்கி மீன் பிடித்தவர்கள், படகருகே வரும் டால்பின்களுக்கு மிச்ச மீன்களைப் போட ஆரம்பித்தார்கள். டால்பின்கள் பழகின. செய்தி பரவியது. கூட்டம் வந்தது. 1980-களில் சுற்றுலாப் பயணிகளே மீன் வாங்கிப் போடலாம், தண்ணீரில் இறங்கித் தொட்டுப் பார்க்கலாம் என்ற நிலை இருந்தது. எவ்வளவு போடலாம், எந்த டால்பினுக்குப் போடலாம் என்பதற்குப் பெரிய கட்டுப்பாடு இல்லை.

அதே 1980-களில்தான் ஆராய்ச்சியாளர்களும் வந்து சேர்ந்தார்கள். ஷார்க் பேயில் இருப்பவை இந்தோ-பசிபிக் பாட்டில்மூக்கு டால்பின்கள். முதுகுத் துடுப்பில் இருக்கும் வெட்டுகள், தழும்புகளை வைத்து ஒவ்வொரு டால்பினையும் தனித்தனியாக அடையாளம் கண்டு, பெயர் வைத்து, யாருக்கு யார் அம்மா, யாருக்கு எத்தனை குட்டி, எந்தக் குட்டி பிழைத்தது என்று ஆண்டுக்கணக்கில் பதிவு செய்தார்கள். அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர் ஜேனட் மான் 1988 முதல் இங்கே தாய்-சேய் டால்பின்களை ஆராய்ந்துவருகிறார்.

இந்தப் பதிவேடுதான் ஒரு கசப்பான உண்மையை வெளியே கொண்டுவந்தது.

செத்தது குட்டிகள்

கரைக்கு வந்து மீன் வாங்கிச் சாப்பிட்ட தாய் டால்பின்களின் குட்டிகள், மீன் வாங்காத தாய்களின் குட்டிகளைவிட அதிக அளவில் செத்துப்போயின. தாய்க்கு எளிதாகச் சாப்பாடு கிடைக்கிறது, ஆனால் குட்டி பிழைக்கவில்லை. ஏன்?

டால்பின் குட்டி ஷார்க் பேயில் சராசரியாக நான்கு ஆண்டுகள் வரை பால் குடிக்கும். பால் குடிக்கவும் இளைப்பாறவும் தாயின் வயிற்றுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு நீந்த வேண்டும். பாதுகாப்பும் அங்கேதான். ஆனால் மீனுக்காகத் தாய் கரையோரம் ஆழமில்லாத தண்ணீரில் வந்து நின்றுவிட்டால், அதன் அடியில் குட்டிக்கு இடமே இருக்காது. குட்டி தள்ளிப்போய், ஆழமான பக்கம் தனியாகவோ மற்ற குட்டிகளோடோ சுற்றிக்கொண்டிருக்கும்.

அந்த நேரத்தில் நடப்பவை:

- பால் குடிக்கும் நேரம் குறைகிறது.
- தாய் எப்படி இரை தேடுகிறது என்று கூடவே இருந்து கற்கும் வாய்ப்பு குறைகிறது.
- பாதுகாப்பு போய்விடுகிறது. வளைகுடாவின் பெயரிலேயே சுறா இருக்கிறது. டால்பின்களை வேட்டையாடும் புலிச் சுறாக்கள் அங்கே நிறைய.

ஒரு தாய் டால்பின் நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒரு குட்டியைத்தான் வளர்த்து ஆளாக்குகிறது. கர்ப்பகாலமே சுமார் ஓராண்டு. ஒரு குட்டி போனால், அந்தத் தாய்க்கு அது பல ஆண்டு உழைப்பின் இழப்பு. கரையில் நின்று மீன் கொடுத்த யாருக்கும் இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர்கள் பார்த்தது, பக்கத்தில் வந்து வாயைத் திறக்கும் ஒரு டால்பினை மட்டும்தான்.

1995-க்குப் பிறகு என்ன மாறியது?

ஆய்வு முடிவுகளைப் பார்த்த பிறகு, 1990-களின் நடுப்பகுதியில் விதிகள் இறுக்கப்பட்டன. இன்று மங்கி மியாவில் நடைமுறை இப்படி:

- காலையில் மட்டுமே மீன். நண்பகலுக்குப் பிறகு கிடையாது. மீதி நாள் முழுவதும் டால்பின் தன் வேலையைப் பார்க்கப் போய்விட வேண்டும்.
- ஒரு நாளைக்கு அதிகபட்சம் மூன்று முறை. அதுவும் டால்பின்கள் தாங்களாக வந்தால்தான். கூப்பிட மாட்டார்கள், தட்டி ஒலி எழுப்ப மாட்டார்கள்.
- அடையாளம் காணப்பட்ட, விரல்விட்டு எண்ணக்கூடிய சில வளர்ந்த பெண் டால்பின்களுக்கு மட்டுமே மீன். ஆண்களுக்கும் குட்டிகளுக்கும் கிடையாது.
- தினசரித் தேவையில் ஒரு சிறு பகுதியை மட்டுமே கொடுப்பார்கள். மீதியை அது வேட்டையாடித்தான் சாப்பிட வேண்டும்.
- மீனை எடுத்து வருவது அரசின் வனவிலங்குத் துறை ரேஞ்சர்களும் அவர்களோடு இருக்கும் தன்னார்வலர்களும். கூட்டத்திலிருந்து ஒரு சிலரை அழைத்து, ஆளுக்கு ஒரு மீன் கொடுக்கச் சொல்வார்கள். மற்றவர்கள் கரையில் நின்று பார்க்க வேண்டியதுதான்.
- தொடக் கூடாது. காலில் சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு தண்ணீரில் நிற்கவும் கூடாது. அது கரைந்து டால்பினின் கண்ணை உறுத்தும்.

பலன் கிடைத்ததா? கிடைத்தது. விதிகள் வந்த பிறகு, மீன் வாங்கும் தாய்களின் குட்டிகள் பிழைக்கும் விகிதம் நன்றாகவே உயர்ந்தது. ஆனால் ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கவனித்தார்கள். இவ்வளவு கட்டுப்பாட்டுக்குப் பிறகும், மீன் வாங்கும் டால்பின்களின் நடத்தையும் குட்டி வளர்ப்பும் மற்ற டால்பின்களைப்போல முழுமையாக மாறிவிடவில்லை.

ரேஞ்சர், நேரக் கட்டுப்பாடு, அளந்து கொடுக்கும் மீன், பல பத்தாண்டு கால ஆய்வு எல்லாம் இருந்தும் இந்த நிலை என்றால், எந்தக் கண்காணிப்பும் இல்லாமல் ஒரு டூரிஸ்ட் படகிலிருந்து வீசும் மீன் என்ன செய்யும்?

'பெக்கர்' என்ற டால்பினின் கதை

அதற்கான பதில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இருக்கிறது. நோகோமிஸ் பகுதியின் நீர்வழிப் பாதையில் ஒரு ஆண் டால்பின் இருந்தது. போகிற வருகிற படகுகளிடம் வாயைத் திறந்து நின்றதால் 'பெக்கர்', அதாவது பிச்சைக்காரன் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஏறத்தாழ 20 ஆண்டுகள் அது அங்கே பிரபலம்.

2011-ல் ஆராய்ச்சியாளர்கள் 100 மணி நேரம் அதைக் கண்காணித்தார்கள். கிடைத்த கணக்கு இது:

- மனிதர்களுடன் சுமார் 3,600 தொடர்புகள்.
- உணவு கொடுக்க 169 முயற்சிகள், மொத்தம் 520 உணவுப் பொருட்கள். இறால், கணவாயில் ஆரம்பித்து ஹாட் டாக், பழம், பீர் வரை.
- தொட்டுப் பார்க்க 121 முயற்சிகள். அதில் 9 முறை பெக்கர் கடித்தது.

2012 செப்டம்பரில் பெக்கர் செத்து மிதந்தது. உடல் அழுகத் தொடங்கியிருந்ததால், இதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் பிரேதப் பரிசோதனையில் தெரிந்தவை போதும். உடைந்து கூடிய விலா எலும்புகள், படகு மோதிய காயங்கள், வயிற்றில் தூண்டில் முட்கள், உடலில் திருக்கை முட்கள். உடலில் நீர்ச்சத்தும் குறைந்திருந்தது. வயிற்றில் கணவாயின் அலகுகளும் இருந்தன. அந்தப் பகுதி டால்பின்கள் வழக்கமாகச் சாப்பிடாத இரை அது. தூண்டில் இரையாக வாங்கியதை யாரோ போட்டிருக்க வேண்டும்.

யாரும் பெக்கரைக் கொல்ல நினைக்கவில்லை. எல்லோரும் பாசமாகத்தான் ஆளுக்கு ஒரு துண்டு போட்டார்கள். "நான் ஒருத்தன் போட்டா என்ன ஆகப்போகுது?" என்று நினைத்தவர்களின் முயற்சிகள்தான் அந்த 169.

டால்பினின் மூளையில் என்ன நடக்கிறது?

டால்பின் வேகமாகக் கற்றுக்கொள்ளும் விலங்கு. படகு வந்தால் மீன் வரும் என்று ஒருமுறை புரிந்துவிட்டால் போதும். அதன் பிறகு இன்ஜின் சத்தம் கேட்டால் விலகிப் போவதற்குப் பதிலாகக் கிட்ட வரும். புரொப்பல்லர் வெட்டும் அபாயம் அங்கே ஆரம்பிக்கிறது. அடுத்த கட்டமாக, தூண்டிலில் மாட்டிய மீனையே பிடுங்கப் பழகும். முள்ளும் நரம்பும் வயிற்றுக்குள் போகும். மீனவருக்கும் நஷ்டம், கோபம்.

இதைவிடப் பெரிய சிக்கல், இந்தப் பழக்கம் ஒரு டால்பினோடு நிற்காது. பெர்த் அருகே உள்ள காக்பர்ன் சவுண்ட் என்ற கடற்பகுதியில், 1993-ல் படகுகளிடம் மீன் கேட்டு வந்தது ஒரே ஒரு டால்பின். 2003-க்குள் அது குறைந்தது 14 ஆனது. ஏற்கெனவே பழகிய டால்பின்களோடு நெருங்கிச் சுற்றியவை, பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டன என்பது ஆய்வில் தெரியவந்தது.

ஷார்க் பேயிலேயே இதற்கு ஒரு அழகான மறுபக்கம் உண்டு. அங்கே சில டால்பின்கள் கடற்பஞ்சைப் பிய்த்து மூக்கில் கவசம்போல மாட்டிக்கொண்டு, கரடுமுரடான கடல்தரையைக் கிளறி மீன் பிடிக்கின்றன. பெரும்பாலும் தாயிடமிருந்து மகள் கற்றுக்கொள்ளும் வித்தை இது. இப்படிப்பட்ட கலையைத் தலைமுறை தாண்டிக் கொண்டுபோகும் அதே மூளைதான், நாம் சொல்லிக்கொடுத்தால் பிச்சை எடுப்பதையும் கொண்டுபோகும். மங்கி மியாவில் மீன் கொடுப்பதை ஒரே நாளில் நிறுத்திவிட முடியாமல், படிப்படியாகக் குறைத்து நிர்வகிப்பதற்குப் பின்னால் இந்தத் தலைமுறைப் பழக்கமும் இருக்கிறது.

சரி, சாப்பாடு போடாமல் சும்மா பார்த்தால் பிரச்சினை இல்லையே?

அதுவும் எப்படிப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. இதற்கும் ஷார்க் பேயிலேயே ஆதாரம் இருக்கிறது.

அங்கே டால்பின் பார்க்க அழைத்துப்போகும் படகு நிறுவனங்கள் ஒன்றிலிருந்து இரண்டான காலகட்டத்தை ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். 2006-ல் வெளியான முடிவின்படி, படகுகள் சுற்றிய பகுதியில் டால்பின்களின் எண்ணிக்கை சராசரியாக சுமார் 15 சதவீதம் குறைந்தது. படகுகள் போகாத பக்கத்துப் பகுதியில் அப்படிக் குறையவில்லை. செத்துப்போய்விட்டன என்று அர்த்தமில்லை. தொல்லை தாங்க முடியாதவை இடத்தைக் காலி செய்திருக்கலாம். கவனிக்க வேண்டியது, கூடுதலாக வந்தது ஒரே ஒரு நிறுவனம். இந்த ஆய்வை ஏற்று அரசு, இரண்டு உரிமங்களை மீண்டும் ஒன்றாகக் குறைத்தது.

ஒரு படகு பக்கத்தில் வந்ததும் டால்பின் என்ன செய்துகொண்டிருந்ததோ அதை நிறுத்துகிறது. தூக்கம், இரை தேடல், பால் கொடுத்தல், எதுவாகவும் இருக்கலாம். ஒரு நாளைக்கு ஒருமுறை என்றால் சமாளித்துவிடும். காலையிலிருந்து மாலைவரை படகு மாற்றிப் படகு வந்தால்?

ஹவாய் தீவுகளின் ஸ்பின்னர் டால்பின்கள் இதற்குத் தெளிவான உதாரணம். அவை இரவெல்லாம் ஆழ்கடலில் வேட்டையாடிவிட்டு, பகலில் கரையோர விரிகுடாக்களில் ஓய்வெடுக்கும். நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்குபவரின் கட்டிலைச் சுற்றி நாள் முழுக்க யாராவது செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் அவற்றுக்கு இருந்தது. 2021-ல் அமெரிக்க அரசு, ஹவாயின் முக்கியத் தீவுகளை ஒட்டிய கடலில் ஸ்பின்னர் டால்பின்களிடம் சுமார் 45 மீட்டருக்குள் போகக் கூடாது என்று விதியே கொண்டுவந்தது. படகுக்கு மட்டுமல்ல, நீந்துபவருக்கும் இது பொருந்தும்.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்கா: கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. 1990-களின் தொடக்கத்திலிருந்து காட்டு டால்பினுக்கு உணவு போடுவதும் அதன்கீழ் தடை செய்யப்பட்ட செயல். அதிகபட்சமாக 1 லட்சம் டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை.

ஆஸ்திரேலியா: அனுமதி பெற்ற இடங்களைத் தவிர வேறெங்கும் கூடாது. படகில் போனால் டால்பினிடமிருந்து 50 மீட்டர், திமிங்கிலத்திடமிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்கின்றன தேசிய வழிகாட்டு நெறிமுறைகள். டால்பினோடு குட்டி இருந்தால் 150 மீட்டர்.

இந்தியா: டால்பின்கள் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே உச்சபட்சப் பாதுகாப்பு. டால்பின்களை அடைத்துவைத்து வித்தை காட்டும் பூங்காக்களுக்கும் 2013-ல் மத்திய அரசு தடை போட்டது.

நாம் போகும் இடங்களில்?

ஒடிசாவின் சிலிகா ஏரியில், சாத்தபாடா படகுத்துறையிலிருந்து ஐராவதி டால்பின் பார்க்கப் போகலாம். இலங்கையின் கல்பிட்டியில், நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான சீசனில் ஸ்பின்னர் டால்பின் கூட்டங்களைப் பார்க்கலாம். இரண்டுமே நம் ஊர்க்காரர்கள் வீக்எண்ட் பிளானில் சேர்க்கும் இடங்கள்.

இங்கே மீன் போடுவதைவிடப் பொதுவான அபாயம், துரத்துவது. ஒரு துடுப்பு தெரிந்ததும் நாலைந்து படகுகள் ஒரே நேரத்தில் பாய்வது, "அண்ணா, இன்னும் கிட்ட போங்க" என்று நாமே கேட்பது. படகோட்டிக்கு அது தொழில். கிட்டப் போனால் டிப்ஸ் வரும், நல்ல ரிவ்யூ வரும் என்று அவர் கற்றுக்கொண்டிருக்கிறார். அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்தது பயணிகள்தான். அதனால் அதை மாற்றுவதும் பயணிகளால் முடியும்.

பொறுப்போடு பார்ப்பது எப்படி?

புக் செய்வதற்கு முன்:

- "டால்பின் காட்டாவிட்டால் பணம் வாபஸ்", "தொட்டுப் பார்க்கலாம்", "கூடவே நீந்தலாம்" என்று விளம்பரம் செய்பவர்களிடம் கொஞ்சம் யோசியுங்கள். எப்படியாவது காட்டியே ஆக வேண்டும் என்ற அழுத்தத்தில்தான் துரத்தல் ஆரம்பிக்கிறது.
- எவ்வளவு தூரத்தில் நிறுத்துவீர்கள், எவ்வளவு நேரம் நிற்பீர்கள், உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். தெளிவான பதில் வந்தால் நல்ல அறிகுறி.

படகில் இருக்கும்போது:

- 50 மீட்டருக்குக் குறையாமல் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். குட்டி தெரிந்தால் இன்னும் தள்ளி.
- நேர் எதிரேயும் போகக் கூடாது, பின்னாலேயே துரத்தவும் கூடாது. பக்கவாட்டில், மெதுவாக, அது போகும் திசையிலேயே போக வேண்டும். கூட்டத்தின் நடுவே புகுந்து பிரிக்கவே கூடாது.
- ஏற்கெனவே இரண்டு மூன்று படகுகள் நின்றால், காத்திருங்கள் அல்லது அடுத்த இடத்துக்குப் போங்கள்.
- டால்பினே கிட்ட வந்தால் சந்தோஷம். வேகத்தையும் திசையையும் திடீரென்று மாற்றாமல் இருந்தால் போதும். கையை நீட்ட வேண்டாம்.
- சிப்ஸ், பிஸ்கட், மிச்ச மீன், தூண்டில் இரை என எதையும் தண்ணீரில் போடாதீர்கள். மீன் பிடிக்கப் போகிறவர்கள் கழிவைப் படகருகே கொட்டுவதும் உணவு போடுவதற்குச் சமம்தான்.
- சட்டென்று திசை மாற்றுவது, நீண்ட நேரம் மூழ்கிவிடுவது, வாலால் தண்ணீரை அறைவது, தாய் குட்டியை மறைத்துக்கொண்டு விலகுவது, இவையெல்லாம் "போதும், போங்க" என்பதற்கான அறிகுறிகள். கிளம்பிவிடுங்கள்.

டால்பின் எப்போதும் சிரித்துக்கொண்டிருப்பதுபோலத் தெரியும். அது தாடையின் அமைப்பு. பயத்தில் இருந்தாலும், வலியில் இருந்தாலும் அதே முகம்தான். அதனால் முகத்தைப் பார்த்து "ஜாலியா இருக்கு" என்று முடிவு செய்ய முடியாது. உடல்மொழியைத்தான் பார்க்க வேண்டும்.

அப்போ மங்கி மியாவுக்குப் போகலாமா, கூடாதா?

போகலாம். விதியை மதிக்கும் பயணிகளின் பணம்தான் அங்கே கண்காணிப்புக்கும் உள்ளூர் வாழ்வாதாரத்துக்கும் உதவுகிறது. ரேஞ்சர் உங்களைக் கூப்பிட்டு ஒரு மீனைக் கையில் கொடுத்தால் தயங்காமல் வாங்கிக் கொடுக்கலாம். அந்த மீன் எந்த டால்பினுக்கு, இன்று அதற்கு எத்தனையாவது மீன் என்பதைக் கணக்கு வைத்துக்கொள்ள அங்கே ஆள் இருக்கிறார். கூப்பிடாவிட்டால், கரையில் நின்று பார்த்துவிட்டு வரலாம்.

இப்படி அனுமதி பெற்ற ஒருசில இடங்களைத் தாண்டி, மற்ற கடல்களில் அந்தக் கணக்கை வைத்துக்கொள்ள ஆள் கிடையாது. உங்களுக்கு முன் வந்த படகு என்ன போட்டது, அடுத்து வரும் படகு என்ன போடும், அந்த டால்பினுக்குக் குட்டி இருக்கிறதா, அது இப்போது எங்கே தனியாக நிற்கிறது, எதுவும் உங்களுக்குத் தெரியாது. அங்கெல்லாம் மீனை ஐஸ்பெட்டியிலேயே வைத்துவிட்டு, போன் கேமராவில் ஜூம் செய்துகொள்ளுங்கள். வீடியோ கொஞ்சம் மங்கலாக வரலாம், பரவாயில்லை.

ஊருக்குத் திரும்பியதும் ஒரு ரிவ்யூ எழுதுங்கள். "டால்பின் ரொம்பக் கிட்ட வந்துச்சு" என்பதோடு நிறுத்தாமல், "படகுக்காரர் தூரத்திலேயே இன்ஜினை அடக்கி நிறுத்தினார், துரத்தவில்லை" என்று எழுதினால், அடுத்த சீசனில் அந்தப் படகுத்துறையில் அதற்கும் மதிப்பு வரும்.